34-க்கும் 35-க்கும் நடுவில் 3 வருஷம்!



ஐ.பி.எல். ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். சைக்கிள் பந்தய வீரர்களும் இப்படி அணி மாறுவார்கள் என்று தெரியுமா? எனக்கும் போன மாசம் வரை தெரியாது.

அங்கே ஏலம் கிடையாது. ஒப்பந்தம் பெரும்பாலும் டிசம்பர் 31-உடன் முடியும். யார் எங்கே போகிறார் என்பதை ஆகஸ்ட் 1 முதல் அறிவிக்கலாம். பந்தயம் ரோட்டில் நடப்பதால் டிக்கெட் வசூலும் இல்லை. விளம்பரம் தரும் கம்பெனியின் பணம்தான் சம்பளம். அணியின் பெயரே பெரும்பாலும் கம்பெனியின் பெயர்தான்! கம்பெனி விலகினால் அணியே கலைந்துவிடலாம்.

'ஸ்பிரின்டர்' என்பவர் கடைசி 200 மீட்டரில் மின்னலாகப் பாய்பவர். அதுவரை அவருக்குக் காற்று படக்கூடாது. எதிர்காற்றில் இலவச சைக்கிளை மிதித்துப் பள்ளிக்கு வருபவர்களுக்கு இது புரியும். முன்னால் நண்பன் போனால் நமக்குக் கஷ்டம் குறையும் இல்லையா? அதேபோல அணியின் தோழர்கள் ஒருவர் பின் ஒருவராக முன்னால் மிதித்து, கடைசியில் ஒதுங்கி வழி விடுவார்கள். அதனால் ஸ்பிரின்டருக்குக் கால் மட்டும் போதாது, நல்ல அணியும் வேணும்.

இப்போ கதைக்கு வருவோம். மார்க் கேவண்டிஷ், 1985-இல் மேன் தீவில் பிறந்தவர். பிரான்ஸ் நாட்டின் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயம் 21 நாள் நடக்கும். தினமும் ஒரு வெற்றியாளர் உண்டு. 2008 முதல் 2016 வரை கேவண்டிஷ் 30 நாள் வெற்றிகளைக் குவித்தார். பெல்ஜியம் வீரர் எடி மெர்க்ஸின் சாதனை 34. இன்னும் நாலு தானே என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் காய்ச்சல் தரும் ஒரு வைரஸ் தாக்கியது. 2017 டூரில் விழுந்து தோள்பட்டை உடைந்தது. 2018 பிப்ரவரிக்குப் பிறகு 3 வருஷத்துக்கு மேல் எந்தப் பந்தயத்திலும் ஜெயிக்கவில்லை. 2020 அக்டோபரில், 35 வயதில், "இதுவே என் கடைசிப் பந்தயமாக இருக்கலாம்" என்று டி.வி. முன்னால் அழுதார். தோற்றுக்கொண்டே இருப்பவரை யார் கூப்பிடுவார்கள்?

பழைய பெல்ஜியம் அணி மட்டும் கூப்பிட்டது. பெரிய சம்பளம் எல்லாம் இல்லை. 2021-இல் அந்த அணியின் முதல் ஸ்பிரின்டருக்கு முழங்கால் வலி. கடைசி நேரத்தில் கேவண்டிஷை டூருக்கு அனுப்பினார்கள். மனுஷன் 4 நாள் ஜெயித்தார்! மொத்தம் 34. சாதனை சமம்.

அடுத்த வருஷமே அணி இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. இவர் வீட்டில்! பிறகு பேசி வைத்த பிரெஞ்சு அணி, விளம்பரக் கம்பெனி கிடைக்காமல் 2022 டிசம்பரில் கலைந்தது. 37 வயதில் கையில் வேலை இல்லை. 2023 ஜனவரியில் கஜகஸ்தானின் அஸ்தானா அணி இடம் கொடுத்தது. அந்த டூரில் 7-ஆம் நாள் 2-ஆம் இடம். மறுநாள் விழுந்து காறை எலும்பு முறிந்தது. அந்த வருஷத்தோடு ஓய்வு என்று அறிவித்திருந்தவர், இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று முடிவை மாற்றினார். முன்பு அவருக்கு வழிவிட்டுக் கொடுத்த மோர்கோவையும் அணி அழைத்து வந்தது.

2024 டூரின் முதல் நாளே வெயிலில் வாந்தி. தோழர்கள் தங்கள் இடத்தை விட்டுவிட்டுப் பின்னால் நின்று, நேரம் முடிவதற்குள் அவரைக் கரை சேர்த்தார்கள். ஜூலை 3, 5-ஆம் நாள்: 39 வயதில் 35-ஆவது வெற்றி! அந்த வருஷமே நிம்மதியாக ஓய்வு பெற்றார்.

விடாமுயற்சி மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு தடவை யாரோ ஒருவர் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் கதை 30-லேயே முடிந்திருக்கும்.

அதனால் பி.டி. சாருக்கு ஒரு வேண்டுகோள்: விளையாட்டு விழாவுக்கு ரிலே அணி எடுக்கும்போது, போன வருஷம் குச்சியோடு கீழே விழுந்தவனையும் ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்க சார். விழுந்தது நான்தான்!



– பதினொன்றாம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு