குரலும் கருவியும்: கடல் கடந்து இணைந்த இரு முதுபெரும் இசைஞர்

இசையை மிடற்றிசை, கருவியிசை என இருவகையாகப் பகுப்பது பழைய மரபு. மிடற்றிலிருந்து எழும் இசைக்குச் சொல் துணை. கருவியிலிருந்து எழும் இசைக்கு விரல் துணை. இவ்விரண்டும் ஒன்றையொன்று அடக்கி ஆளாமல் சமமாக நின்று ஒரு படைப்பை ஆக்குதல் அரிது. பெரும்பாலும் பாடகன் முன்னிற்பான், கருவியாளன் பின்னிற்பான். அன்றிக் கருவி ஓங்கிக் குரல் ஒடுங்கும். இருவரும் ஒத்து நிற்க முயன்ற முயற்சிக்கு எடுத்துக்காட்டாக விளங்குவது 2010 ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி லிவிங் ட்ரீ' என்னும் ஆங்கில இசைத்தொகுப்பு. உயிருள்ள மரம் என்பது அத்தொடரின் பொருள். அதை ஆக்கியோர் ஜான் ஆண்டர்சன், ரிக் வேக்மன் என்னும் ஆங்கிலேயர் இருவர். அவ்வாண்டில் முன்னவர்க்கு வயது 66, பின்னவர்க்கு 61 நிறைந்தன. அவர்கள் நட்போ அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மூத்தது.

முற்போக்கு ராக்

ராக் என்பது கிட்டாரும் முரசும் முதன்மையாக நிற்கும் மேலைநாட்டு மெல்லிசை வகை. மூன்று நான்கு நிமிடங்களில் முடியும் காதற் பாட்டும் ஆடற் பாட்டுமே தொடக்கத்தில் அதன் எல்லையாக இருந்தன. 1960களின் இறுதியில் இங்கிலாந்து இளைஞர் சிலர் அவ்வெல்லையைத் தாண்ட விழைந்தனர். மேலைச் செவ்விசையின் நீண்ட அமைப்பையும், பல பகுதிகள் சேர்ந்து ஒரு முழுமையாகும் கட்டுக்கோப்பையும் ராக் இசைக்குள் கொணர்ந்தனர். ஒரே பாட்டு இருபது நிமிடம் நீண்டது. தாளம் இடையிடையே மாறியது. புராணம், தத்துவம், கற்பனை உலகம் ஆகியன பாடுபொருளாயின. இவ்வகைக்கு முற்போக்கு ராக் என்று பெயர் வழங்கலாயிற்று. 1968 ஆம் ஆண்டில் இலண்டனில் ஆண்டர்சனும் கிரிஸ் ஸ்குவயரும் தோற்றுவித்த 'யெஸ்' என்னும் குழு இத்துறையின் தலையாய குழுக்களுள் ஒன்று.

இருவேறு பயிற்சி

ஆண்டர்சன் 1944 ஆம் ஆண்டில் லங்காஷயரில் உள்ள அக்ரிங்டன் என்னும் ஆலை நகரில் பிறந்தவர். பதினைந்து வயதில் பள்ளியை விட்டார். பண்ணையில் வேலை செய்தார். செங்கல் ஏற்றிய லாரி ஓட்டினார். வீடுதோறும் பால் கொடுத்தார். இசைக்கல்லூரி வாயிலை மிதிக்காமல், குழுக்களில் பாடிப் பாடியே பாட்டுக் கற்றார். அவர் குரல் ஆண்குரலுள் மிக உயர்ந்த நிலையில் இயல்பாகவே நிற்பது. கள்ளக்குரல் என்று பலர் கருதினும் அஃது அவ்வாறன்று. இயற்கையாக அமைந்த குரலே.

வேக்மன் 1949 ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த பெரிவேலில் பிறந்தவர். இளமையிலேயே முறையாகப் பியானோ பயின்று, 1968 இல் அரச இசைக்கல்லூரியில் சேர்ந்தார். பிறர் இசைத்தட்டுகளுக்கு வாசிக்கும் வேலை மிகுந்ததால் மறு ஆண்டே படிப்பை விட்டார். 1971 இல் டேவிட் போவி, கேட் ஸ்டீவன்ஸ் ஆகியோரின் புகழ்பெற்ற பாட்டுகளில் ஒலிக்கும் பியானோ இவர் கைவண்ணமே. அவ்வாண்டிலேயே யெஸ் குழுவில் சேர்ந்தார். செவியால் கற்றவரும் ஏட்டால் கற்றவரும் அங்கே ஒருங்கு கூடினர்.

இணக்கமும் பிணக்கும்

1972 இல் வெளிவந்த 'குளோஸ் டு தி எட்ஜ்' அக்கூட்டின் பெரும் பயன். அதன் தலைப்புப் பாட்டு பதினெட்டு நிமிடத்திற்கு மேல் நீள்வது. ஹெர்மன் ஹெஸ்ஸெயின் 'சித்தார்த்தா' என்னும் புதினம் ஆண்டர்சனுக்கு அதன் கருவைத் தந்தது. ஐவரும் ஒவ்வோர் அடிக்கும் வாதிட்டு, துண்டு துண்டாகப் பதிவு செய்து, அத்துண்டுகளை ஒட்டி முழுமையாக்கினர். பாட்டின் நடுவே வேக்மன் வாசித்த ஆர்கன் இலண்டனில் ஒரு தேவாலயத்தில் பதிவு செய்யப்பட்டது.

மறு ஆண்டில் பிணக்குத் தோன்றிற்று. பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்று நூலில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நால்வகைச் சாத்திரங்களை அக்குறிப்பு விளக்குகிறது. அதைப் படித்த ஆண்டர்சன் நான்கு நெடும் பாட்டுகளை வகுத்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது நிமிடம். இரண்டு இசைத்தட்டுகளை அவை நிரப்பின. 1973 இல் வந்த அப்படைப்பு வேக்மனுக்கு உவப்பாக இல்லை. கருத்து ஒரு தட்டுக்கு மிகுதி, இரண்டு தட்டுக்குக் குறைவு. ஆகவே இடத்தை நிரப்ப வேண்டியதாயிற்று என்பது அவர் குறை. மான்செஸ்டர் அரங்கில் அப்பாட்டுகள் நடந்துகொண்டிருக்கும்போதே, தமக்கு வேலையில்லாத இடைவெளியில், மேடைமேல் கறி உணவு உண்டதாக அவரே பலகால் நகைச்சுவையுடன் கூறியுள்ளார். நகைப்புக்கு உரிய செய்தியாயினும் அதனுள் ஒரு வருத்தம் உண்டு. தன் விரலுக்கு வேலையற்ற இசையில் கருவியாளன் விருந்தினனாகி விடுகிறான். 1974 இல் அவர் குழுவை விட்டு விலகினார்.

எனினும் 1976 இன் இறுதியில் மீண்டும் வந்தார். அப்போது உருவான 'அவேக்கன்' என்னும் பாட்டின் பதிவு கருதத்தக்கது. குழுவினர் சுவிட்சர்லாந்தில் மோன்ட்ரோ நகரப் பதிவுக்கூடத்தில் இருந்தனர். வேக்மனோ சில மைல் தொலைவில் வெவே நகரத் தேவாலயத்தின் ஆர்கனில் அமர்ந்திருந்தார். இரண்டையும் தொலைபேசிக் கம்பி இணைத்தது. அவர் ஆர்கனின் ஒலி அக்கம்பி வழியே வந்து கூடத்தில் பதிவாயிற்று. ஓரிடத்தில் இல்லாமலே ஒன்றாக இசைக்கலாம் என்பதை அவர்கள் அன்றே கண்டனர்.

நோயும் இழப்பும்

2008 ஆம் ஆண்டு யெஸ் குழுவின் நாற்பதாம் ஆண்டு. விழாப் பயணத்திற்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்த வேளையில் ஆண்டர்சனுக்கு மூச்சுத்திணறல் கடுமையாக வந்து உயிருக்கே இடராயிற்று. மருத்துவர் நெடுநாள் ஓய்வு வேண்டும் என்றனர். பயணம் கைவிடப்பட்டது. ஆயினும் அவ்வாண்டு முடிவதற்குள் குழுவினர் வேறொரு பாடகரைக் கொண்டு மேடையேறினர். யெஸ் பாட்டுகளைப் பாடி வந்த ஒரு கனடியக் குழுவிலிருந்து அவரை அழைத்து வந்திருந்தனர். விசைப்பலகையில் அமர்ந்தவர் வேக்மனின் மூத்த மகன் ஆலிவர்.

தாம் தோற்றுவித்த குழு தம்மையின்றி நடப்பதை நோய்ப்படுக்கையில் கேட்பது எளிதன்று. பாடகனுக்கு மூச்சே முதல். மூச்சும் நலிந்து, குழுவும் கைவிட்டுப் போன நிலையில் அவருக்கு எஞ்சியது என்ன? சொல் எஞ்சியது, பழைய நண்பர் ஒருவர் எஞ்சினார். வேக்மனும் நோயின் வன்மையை அறிந்தவரே. 1974 இல் தம் இருபத்தைந்தாம் வயதிலேயே அவருக்கு மாரடைப்பு வந்திருந்தது. இவ்விருவரும் 2006 இல் இங்கிலாந்தில் குரலும் விசைப்பலகையும் மட்டுமாக மேடையேறிய பழக்கம் உடையவர்கள். அப்பழக்கமே புதிய தொகுப்புக்கு அடிப்படையாயிற்று.

ஆக்கிய முறை

ஆண்டர்சன் கலிபோர்னியாவில் வாழ்ந்தார். வேக்மன் இங்கிலாந்தில் வாழ்ந்தார். வேக்மன் மெட்டமைத்து, வாசித்து, பதிவு செய்து இணையத்தின் வழியே அனுப்பினார். ஆண்டர்சன் அதைக் கேட்டு, சொல் எழுதி, பாடிச் சேர்த்தார். இவ்வாறு ஒன்பது பாட்டுகள் ஆயின. முரசு இல்லை; கிட்டாரும் இல்லை. பியானோவும் பிற விசைக் கருவிகளும் ஒரு குரலும் மட்டுமே உள்ளன.

மெட்டுக்குச் சொல் எழுதுவது எளிய வேலையன்று. தமிழில் குறிலை நீட்டினால் நெடிலாகும். 'கல்' 'கால்' ஆகிப் பொருள் கெடும். ஆகவே நீளும் இடத்தில் நெடில் வேண்டும். ஆங்கிலத்தில் கட்டு வேறு. அங்கே சொல்லின் ஓர் அசை அழுத்தம் பெறும். ஏனைய அசைகள் தளர்ந்து நிற்கும். தாளத்தின் வலிய இடத்தில் அழுத்தமுள்ள அசை விழவில்லையாயின் சொல் பிறழ்ந்து ஒலிக்கும். மெட்டு முடிந்து கைக்கு வந்தபின் எழுதுவோன் அதன் மேடுபள்ளத்தை அளந்து சொல்லைப் பொருத்த வேண்டும். ஆண்டர்சன் சொல்லைப் பொருளுக்காக மட்டுமன்றி ஒலிக்காகவும் தேர்பவர். அவர் பாட்டுகள் விளங்கவில்லை என்று பலர் குறை கூறியதற்கும், விளங்காதபோதும் செவிக்கு இனிக்கின்றன என்று பலர் போற்றியதற்கும் இஃதே காரணம்.

பழைய முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். கிரேக்க இசைஞர் வாஞ்ஜலிஸ் என்பாருடன் ஆண்டர்சன் 1980 இல் தொடங்கி வெளியிட்ட தொகுப்புகளும் குரலும் விசைப்பலகையும் கூடியனவே. ஆனால் அங்கே இருவரும் ஒரே அறையில் இருந்தனர். ஒருவர் விரல் அசைய மற்றவர் வாய் திறக்கும். இங்கேயோ ஒருவர் முடித்ததை மற்றவர் பெறுகிறார்.

நிறையும் குறையும்

இம்முறையில் விளைந்த நன்மை இரண்டு. முதலாவது, குரலுக்கு இடம் கிடைத்தது. முரசும் கிட்டாரும் முழங்கும் குழுவில் குரல் அவற்றை மீறி எழ வேண்டும். பியானோவின் அருகில் அது மெல்ல நடந்தால் போதும். மூச்சு விடவும் இளைப்பாறவும் அடிகளுக்கிடையே வெளி உண்டு. நோயிலிருந்து எழுந்த, அறுபதைக் கடந்த குரலுக்கு ஏற்ற அளவு அது. இரண்டாவது, கருவியாளன் இப்போது விருந்தினன் அல்லன். ஒவ்வொரு பாட்டும் அவன் விரலிலிருந்தே தொடங்குகிறது. 1973 இல் மேடைமேல் வேலையின்றி இருந்த கைக்கு இங்கே ஓய்வே இல்லை.

குறையும் உண்டு; அதை மறைத்தல் ஆய்வு ஆகாது. பாட்டுகள் பெரும்பாலும் ஒரே நடையில் செல்கின்றன. ஓட்டத்தை மாற்றும் முரசாளன் இல்லை என்பது மட்டும் இதற்குக் காரணம் அன்று. மறுத்துரைப்போர் இல்லை என்பதும் காரணம். இளமையில் ஐவர் ஓர் அறையில் அமர்ந்து, இந்த அடி நீளம், அந்த அடி வீண் என்று பூசலிட்டே பதினெட்டு நிமிடப் பாட்டைச் செதுக்கினர். அனுப்புவதும் பெறுவதுமான முறையில் பூசலுக்கு இடமில்லை. முதியோர் ஒருவர்க்கொருவர் காட்டும் கண்ணோட்டம் வாழ்க்கைக்கு அணி. கலைக்கு அதுவே சில வேளை தடையுமாகும். யெஸ் குழுவின் பழைய படைப்புகளுக்கு நிகராக இத்தொகுப்பை வைக்க இயலாமைக்குக் காரணம் முதுமை என்பர் சிலர். அது பொருந்தாது. பிணக்கு இன்மையே காரணம் எனல் பொருந்தும்.

பின் நிகழ்ந்தவை

தொகுப்பு வெளிவந்த 2010 இல் இங்கிலாந்திலும், மறு ஆண்டில் அமெரிக்காவிலும் இருவரும் மேடையேறினர். அனுப்பிப் பெற்ற பாட்டுகள் அப்போது ஒரே மேடையில் ஒலித்தன. கிரிஸ் ஸ்குவயர் 2015 இல் மறைந்தார். 2016 இல் ஆண்டர்சனும் வேக்மனும், முன்பு யெஸ் குழுவில் கிட்டார் வாசித்த ட்ரெவர் ராபினுடன் கூடிப் புதிய குழு அமைத்து ஊர்கள் பல சென்றனர். 2017 இல் யெஸ் குழுவுக்கு அமெரிக்காவின் ராக் இசைப் புகழவையில் இடம் அளிக்கப்பட்டபோது இருவரும் ஒரே மேடையில் நின்றனர்.

பெரும்படைப்பு ஒன்று மனித வாழ்வில் ஒருமுறையே வாய்க்கலாம். அதன்பின் வரும் ஆண்டுகளில் கலைஞன் என் செய்வது என்னும் வினா எல்லாக் கலைக்கும் பொது. பழைய புகழைக் காத்துக்கொண்டு வாளாவிருத்தல் ஒரு வழி. இயன்ற அளவைக் கண்டுகொண்டு, எஞ்சிய மூச்சுக்கு ஏற்பப் பாட்டை அமைத்துத் தொழிலைத் தொடர்தல் மற்றொரு வழி. இருபது நிமிடப் பாட்டுகளால் உலகை வியக்க வைத்தவர்கள் முதுமையில் இரண்டாம் வழியைத் தேர்ந்து சிறு பாட்டுகள் ஒன்பது தந்தனர். அவர்கள் தொகுப்புக்கு இட்ட பெயர் பொருத்தமானதே. முதிர்ந்த மரம் இளமையில் போல் ஓங்கி வளர்வதில்லை. ஆயினும் தளிர்ப்பதை அது நிறுத்துவதும் இல்லை.