கேப்டனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் நம்புகிறார்கள். பைல் இந்தத் தேதியில், இந்த நேரத்தில் உருவானது என்று அதுவே காட்டுகிறதே, அப்புறம் என்ன சந்தேகம் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஒரு பழைய டிவி தொடரின் எபிசோடு. 'ஸ்டார் டிரெக்' முதல் சீசனில் வந்த 'கோர்ட் மார்ஷியல்'. அமெரிக்காவில் 1967 பிப்ரவரி 2 அன்று ஒளிபரப்பானது. நான் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் எடுத்தது. செட்டுகள் அட்டைப் பெட்டியில் செய்தது போலத் தெரியும். பொறுத்துக் கொள்ளுங்கள், கதை அருமை. ஆனால் முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது.

எண்டர்பிரைஸ் என்ற விண்கலம் ஓர் அயனிப் புயலில் சிக்குகிறது. கலத்தோடு இணைந்த ஒரு சிறு கூண்டில் பின்னி என்ற அதிகாரி அளவுகள் எடுத்துக் கொண்டிருக்கிறார். நிலைமை மோசமானால் கேப்டன் அந்தக் கூண்டைக் கழற்றி விட வேண்டும். முதலில் எல்லோ அலர்ட், அடுத்து ரெட் அலர்ட், உள்ளே இருப்பவர் வெளியேற அவகாசம், கடைசியில் கழற்றும் பட்டன். இந்த வரிசையில்தான் செய்தேன் என்கிறார் கேப்டன் கிர்க். பின்னி திரும்பவில்லை. கம்ப்யூட்டர் லாக்கைப் பார்த்தால், எல்லோ அலர்ட் இருக்கும்போதே கிர்க் அந்தப் பட்டனை அழுத்தியதாகப் பதிவாகியிருக்கிறது. கொலைக்குச் சமமான குற்றச்சாட்டு. ராணுவ விசாரணை தொடங்குகிறது.

நீதிமன்றத்தில் வீடியோ பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். கிர்க்கின் விரல் பட்டனைத் தொடுவது வரை குளோசப்பில் தெரிகிறது. (இவ்வளவு அருகில் கேமராவை யார் வைத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை!) தன் நினைவின் மீதே கிர்க்குக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. துணை அதிகாரி ஸ்பாக் கம்ப்யூட்டரைச் சோதித்துப் பார்க்கிறார். பழுது எதுவும் இல்லை என்றே முடிவு வருகிறது.

எபிசோடின் நல்ல பகுதி இதற்குப் பிறகுதான். ஸ்பாக் தனியாக உட்கார்ந்து கம்ப்யூட்டரோடு செஸ் ஆடுகிறார். கேப்டனின் வேலை போகும் நேரத்தில் விளையாட்டா என்று டாக்டர் மெக்காய் கோபப்படுகிறார். ஸ்பாக்கோ நான்கு ஆட்டங்கள் ஜெயித்துவிட்டதாகச் சொல்கிறார். அந்த செஸ் புரோகிராமை எழுதியவரே அவர்தான். தனக்குத் தெரிந்த அத்தனையையும் அதற்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார். ஆகவே ஆட்டம் டிராவில்தான் முடிய வேண்டும். திரும்பத் திரும்ப ஜெயிக்கிறார் என்றால், மெமரியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் தினமும் செய்வதும் இதுதான். என்ன விடை வரும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு கேள்வியைப் புரோகிராமிடம் கேட்போம். நேற்று வந்த விடை இன்று மாறினால், எங்கோ எதுவோ மாறியிருக்கிறது. கம்ப்யூட்டரிடமே "நீ நன்றாக இருக்கிறாயா?" என்று கேட்டால் போதாது. வைரஸ் புகுந்த கம்ப்யூட்டரும் "எல்லாம் சரி" என்று காட்டக்கூடும்.

ஓர் இன்ஜினியராக எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. லாக்கைத் திருத்தினால் செஸ் ஏன் கெட வேண்டும்? இன்றைய கம்ப்யூட்டரில் ஒவ்வொரு புரோகிராமும் பயன்படுத்தும் மெமரியை ஆபரேட்டிங் சிஸ்டம் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும். நோட்பேடில் ஒரு வரியை அழித்தால் கால்குலேட்டர் தப்பாகக் கூட்டாது. அடுத்தது, எழுதியவரின் அளவுக்குத்தான் புரோகிராம் ஆடும் என்ற எண்ணம். 1997-ல் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த ஐபிஎம்மின் டீப் புளூவை உருவாக்கியவர்கள் யாரும் காஸ்பரோவ் அளவுக்கு ஆடக் கூடியவர்கள் இல்லை. ஆனாலும் கதாசிரியர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கம்ப்யூட்டர் செஸ் போட்டிகளில் ஆடத் தொடங்கியதே அந்த 1967-ல்தான். எம்ஐடியில் எழுதிய மேக் ஹேக் என்ற புரோகிராம் அது.

வக்கீல் காக்லி கம்ப்யூட்டரைத் தொடாதவர். அறை முழுக்கச் சட்டப் புத்தகங்கள். அவர் கேட்கும் ஓர் உரிமைதான் வழக்கையே திருப்புகிறது. தனக்கு எதிரான சாட்சியை நேருக்கு நேர் விசாரிக்கக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிமை உண்டு. இங்கே சாட்சி கம்ப்யூட்டர். எனவே நீதிமன்றமே கலத்துக்கு வர வேண்டும் என்கிறார். லாக்கை மாற்றும் திறமையும் வாய்ப்பும் மூன்று பேருக்குத்தான் உண்டு என்பது அங்கே தெரிய வருகிறது: கேப்டன், ஸ்பாக், மூன்றாவது ஆள் பதிவேட்டு அதிகாரியான பின்னி! செத்ததாகச் சொல்லப்பட்டவர் கலத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறார். ஒரு காலத்தில் அவர் செய்த தவறைக் கிர்க் லாக்கில் எழுதியதால் பதவி உயர்வு தள்ளிப்போனது. அந்தப் பகையை அதே லாக்கை வைத்துத் தீர்க்கப் பார்க்கிறார். கடைசியில் வரும் அடிதடி தேவையே இல்லை.

கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். பிரிட்டன் தபால் துறையில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்தது. கணக்கில் பணம் குறைகிறது என்று அது காட்டியதை நம்பி, கிளைத் தபால் நிலையங்களை நடத்தியவர்கள் 900 பேருக்கும் மேல் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்றும், கிளையில் இருப்பவருக்குத் தெரியாமல் வெளியிலிருந்தே கணக்கை மாற்ற முடிந்தது என்றும் 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ரத்தானது. மற்றவர்களுக்காக 2024-ல் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள். அங்கே ஸ்பாக் போல ஒருவர் செஸ் ஆடிப் பார்க்க இருபது ஆண்டுகள் ஆயின.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பாருங்கள். டாஸ்க்பார் கடிகாரத்தில் ரைட் கிளிக் செய்து, தேதி தானாக அமையும் வசதியை நிறுத்திவிட்டு, 2015-ல் ஒரு தேதியைக் கொடுங்கள். நோட்பேடில் ஒரு வரி டைப் செய்து சேவ் செய்யுங்கள். பைலின் பிராப்பர்ட்டீஸைப் பார்த்தால் 2015-ல் உருவானது என்றே காட்டும். பிறகு மறக்காமல் அந்த வசதியை மீண்டும் இயக்கிவிடுங்கள். தேதி தவறாக இருந்தால் பல இணைய தளங்கள் திறக்காது.

பைல் மாறியதா என்று அறிய 'ஹேஷ்' எண் உதவும். இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப் மென்பொருளை நிறுவினால், பைலின் மீது ரைட் கிளிக் செய்யும்போது வரும் மெனுவில் எஸ்ஹெச்ஏ-256 என்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால் 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரிசை கிடைக்கும். பைலில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்துவிட்டுத் திரும்பப் பாருங்கள், அந்த வரிசை முழுவதும் வேறாக இருக்கும். நம் நாட்டில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமும் மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழில் இந்த எண்ணைக் கேட்கிறது. சொத்துப் பத்திர ஸ்கேன், ஒப்பந்தம் போன்ற பைல்களுக்கு அதை எடுத்து வையுங்கள். ஆனால் அதே கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள். பைலை மாற்றத் தெரிந்தவருக்கு அந்த எண்ணை மாற்றுவதும் எளிது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி பீரோவில் வைத்தால் போதும். வக்கீல் காக்லியும் அதைத்தான் சொல்லியிருப்பார்.