ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படங்கள்

கைப்பேசியில் முப்பது விநாடி காணொலியைப் பார்த்து முடிக்கும் குழந்தை, அடுத்த நொடியே இன்னொன்றுக்குத் தாவிவிடுகிறது. அந்த முப்பது விநாடிக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதை அறிய அதற்கு வாய்ப்பே இல்லை. உற்பத்தியை அறியாத நுகர்வு உழைப்பின் மதிப்பையும் அறியாது என்பது பொருளியலின் பழைய பாடம். அந்தப் பாடத்தை விளையாட்டாகவே கற்பிக்க ஒரு வழி உண்டு. வீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டு குழந்தைகளே ஒரு திரைப்படம் எடுப்பதுதான் அது.

'ஸ்டாப் மோஷன்' எனப்படும் இம்முறையின் அடிப்படை எளியது. பொம்மையை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். சிறிது நகர்த்தி அடுத்த படம் எடுக்க வேண்டும். இப்படி எடுத்தவற்றை விநாடிக்குப் பன்னிரண்டு வீதம் ஓட்டினால், பொம்மை தானாக நடப்பதுபோல் தோன்றும். ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள் தேவை. படம் ஒன்றுக்கு அரை நிமிடம் என்றாலும் ஆறு மணி நேர உழைப்பு.

இந்திய சினிமாவின் தொடக்கத்திலேயே இத்தகைய பொறுமை இருந்தது. 1912-இல் லண்டன் சென்று படக்கருவியுடன் திரும்பிய தாதாசாகேப் பால்கேவை நம்பிப் பணம் போட முதலில் எவரும் முன்வரவில்லை. அவர் ஒரு தொட்டியில் பட்டாணியை விதைத்து, அது முளைத்து வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படமெடுத்தார். பல நாள் வளர்ச்சி திரையில் சில நொடிகளில் நிகழ்ந்ததைக் கண்ட பிறகே முதலீடு கிடைத்தது. அதன் பயனாக 1913 மே 3 அன்று 'ராஜா ஹரிச்சந்திரா' திரைக்கு வந்தது. 1915-இல் அவர் தீக்குச்சிகளை அசையவைத்தும் ஒரு குறும்படம் எடுத்தார். மூலதனம் இல்லாதவனுக்கு நேரமும் பொறுமையுமே மூலதனம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கட்டைகளுக்கு வருவோம். டென்மார்க்கின் லெகோ நிறுவனம் இன்றைய வடிவிலான கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கோரியது. 1973-இல் அந்நாட்டுச் சிறுவர்களான லார்ஸ், ஹென்ரிக் ஹாசிங் ஆகியோர் இக்கட்டைகளைக் கொண்டு நிலவுப் பயணம் பற்றி ஆறு நிமிடப் படம் எடுத்தனர். இவ்வகைப் படங்களில் நாம் அறிந்த மிகப் பழையது அதுவே. கட்டைகள் இதற்குப் பொருந்துவதற்குக் காரணம் அவற்றின் குமிழ்கள். கையை எடுத்த பின்பும் பொம்மை சாயாமல் நிற்கிறது. அடுத்தடுத்த குமிழ்களுக்கு இடையிலான தொலைவு 8 மில்லிமீட்டர் என்பதால், நகர்வை அளவுகோல் இல்லாமலே எண்ணிவிடலாம்.

கதைக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. திருவெண்ணெய்நல்லூர்க் குழந்தைகள் தம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளலாம். சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த முதியவர், 'நீ எனக்கு அடிமை' என ஓலை காட்டுகிறார். வழக்கு இவ்வூர் அவைக்கு வருகிறது. தீர்ப்பு முதியவர் பக்கம். 'உம் வீடு எங்கே?' என்று கேட்டதும், அவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் புகுந்து மறைந்துவிடுகிறார்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குமிழ் நகர்த்தினால் பொம்மை ஓடும். இரண்டு படங்களுக்கு ஒரு குமிழ் என்றால் முதியவரின் தளர்ந்த நடை கிடைக்கும். அவர் மறைவதுதான் எல்லாவற்றிலும் எளிது. பொம்மையை எடுத்துவிட்டு அடுத்த படத்தைப் பிடித்தால் போதும். பிரான்சின் ஜார்ஜ் மெலியே 1896-இல் ஒரு பெண்ணைத் திரையில் மறையச் செய்தது இந்த உத்தியால்தான்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. கைப்பேசியைப் புத்தக அடுக்கில் அசையாமல் பொருத்த வேண்டும். பல கைப்பேசிகளில் செவிக்கருவியின் ஒலிப் பொத்தானை அழுத்தியே படம் எடுக்கலாம் என்பதால், திரையைத் தொட்டு அசைக்க வேண்டியதில்லை. சன்னலைச் சாத்தி, ஒரே விளக்கொளியில் எடுக்க வேண்டும். மேகம் நகர்ந்தால் காட்சியும் மினுமினுக்கும். கட்டைகளின் அடித்தளத்தை மேசையோடு ஒட்டிவிட வேண்டும். படங்களைக் கோக்க இலவசச் செயலிகள் உள்ளன. முந்தைய படத்தை அவை மங்கலாகக் காட்டுவதால், எவ்வளவு நகர்த்தினோம் என்பது தெரிந்துவிடும்.

செலவு பற்றிய தயக்கம் நியாயமானதே. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால், இதற்கு வெளிநாட்டுப் பெயர் பொறித்த கட்டை தேவையில்லை. ஒன்றோடொன்று உறுதியாகப் பொருந்தும் உள்நாட்டுக் கட்டைகளே போதும். அதுவும் இல்லாத வீட்டில் தீப்பெட்டிகளும் களிமண்ணும் உண்டு. பால்கேயிடம் இருந்தவையும் பட்டாணியும் தீக்குச்சியும்தானே!

தமிழக அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுகின்றன. கலைத் திருவிழாக்கள் நடைபெறுகின்றன. பார்ப்பதற்கு வகுத்த நேரத்தில் ஒரு பகுதியைப் படைப்பதற்கும் ஒதுக்கலாம். வகுப்புக்கு ஒரு பெட்டிக் கட்டைகள், ஆசிரியரின் கைப்பேசி, ஐந்து மாணவர் கொண்ட குழுக்கள் ஆகியவையே தேவை. ஒருவர் கதை எழுத, ஒருவர் கட்ட, ஒருவர் நகர்த்த, ஒருவர் படமெடுக்க, ஒருவர் குரல் கொடுக்க வேலைப் பகிர்வு தானே அமைந்துவிடும். கணக்கும் மொழியும் உள்ளூர் வரலாறும் ஒரே மேசையில் சந்திக்கும்.

எல்லாரும் திரைக் கலைஞர்களாக வேண்டும் என்பதல்ல நோக்கம். ஒரு நிமிடப் படத்துக்காக 720 முறை பொறுமை காத்த குழந்தை, அதன் பின்னர் பிறர் உழைப்பை விரல் நுனியால் தள்ளிவிடாது. வரும் விடுமுறையில் கைப்பேசியைக் குழந்தையிடமிருந்து பிடுங்குவதற்குப் பதிலாக, அதன் முன் சில கட்டைகளை வைத்துப் பார்ப்போம்.