பெரிய கோப்பைக் கண்டு சேவையகம் நின்றுபோவது ஏன்?

மாணவர்களே, உங்கள் பள்ளி நூலகத்தின் இணையத்தளத்தைப் புதிய சர்வருக்கு, அதாவது சேவையகத்துக்கு, மாற்ற வேண்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். புத்தகப் பட்டியல், உறுப்பினர் விவரம், இரவல் கணக்கு எல்லாம் அடங்கிய தரவுத்தளத்தை ஒரே கோப்பாக எடுத்தாயிற்று. அதன் அளவு 60 மெகாபைட். அதைப் புதிய தரவுத்தளத்தில் ஏற்றும் நிரலை இயக்குகிறீர்கள். சிறிது நேரம் திரை வெறுமையாக நிற்கிறது. பிறகு "500 - சேவையகப் பிழை" என்ற அறிவிப்பு வருகிறது.

கோப்பு கெட்டுவிட்டதா? சேவையகம் பழுதா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. உங்கள் நிரல் ஒரு வரம்பைத் தாண்டியிருக்கிறது.

வரம்பு எதற்கு?

ஒரே சேவையகத்தில் பல இணையத்தளங்கள் இயங்குவதுண்டு. ஒரு நிரல் மட்டும் முடிவில்லாமல் ஓடினால் மற்றவை காத்துக் கிடக்க வேண்டியதுதான். அதனால்தான் வரம்புகள் உள்ளன. இணையத்தளங்களில் பரவலாகப் பயன்படும் பிஎச்பி மொழியைப் பாருங்கள். அமைப்பை யாரும் மாற்றாவிட்டால், பதிவேற்றும் கோப்புக்கு 2 மெகாபைட், நிரல் ஓடும் நேரத்துக்கு 30 விநாடி, நினைவகத்துக்கு 128 மெகாபைட் என்பதே எல்லை.

எண் சொல்லும் செய்தி

பிழை எண் 4இல் தொடங்கினால் நாம் அனுப்பிய கோரிக்கையில் சிக்கல். 5இல் தொடங்கினால் சேவையகத்தின் பக்கம் சிக்கல்.

413: அனுப்பிய கோப்பு அளவுக்கு மீறிப் பெரியது. உலாவி வழியாக அனுப்பாமல், எஃப்டிபி மூலம் கோப்பை நேரடியாகச் சேவையகத்தில் வைக்கலாம்.

504: காத்திருக்கும் நேரம் முடிந்துவிட்டது. ஆனால் கவனம்! பின்னால் நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

500: உள்ளே ஏதோ தவறிவிட்டது. எது என்று இந்த எண் சொல்லாது. சேவையகத்தின் பிழைப் பதிவேட்டைத் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள். நேரம் முடிந்ததா, நினைவகம் தீர்ந்ததா என்பது அங்கே தெரியும்.

துண்டு துண்டாக ஏற்றுங்கள்

வீடு மாறும்போது எல்லாச் சாமான்களையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியுமா? இங்கும் அப்படித்தான். நிரல் கோப்பைத் திறந்து, 3,000 வரிகளை மட்டும் ஏற்றி, நிறுத்திய இடத்தைக் குறித்துக்கொண்டு முடிந்துவிட வேண்டும். பிறகு அந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக 30 விநாடி கிடைக்கும். பிக்டம்ப் என்ற நிரல் இவ்வாறுதான் வேலை செய்கிறது.

ஒரு கட்டளையின் நடுவில் வெட்டிவிடக் கூடாது. கட்டளை முடிந்த இடத்தில்தான் நிறுத்த வேண்டும். சில கோப்புகளில் ஆயிரக்கணக்கான பதிவுகள் ஒரே நீண்ட கட்டளையாக இருக்கும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் ஒரு கட்டளையின் அளவுக்கும் எல்லை வைத்திருக்கிறது. ஆகவே பழைய இடத்தில் கோப்பை எடுக்கும்போதே சிறு சிறு கட்டளைகளாகப் பிரித்து எடுப்பது நல்லது.

பாதியில் நின்றால்?

உண்மையான ஆபத்து பிழைச் செய்தியில் இல்லை. பாதி ஏறிய தரவில் இருக்கிறது. இணையத்தளம் திறக்கும், புத்தகங்களும் தெரியும். ஆனால் இரவல் கணக்கில் பாதி இருக்காது. அவசரப்பட்டு மறுபடியும் பொத்தானை அழுத்தினால், ஒரே பதிவு இரண்டு முறை ஏறிவிடலாம். எனவே:

1. மூலக் கோப்பின் நகலை வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.
2. முதலிலிருந்து தொடங்குவதானால், பழைய ஓட்டம் நின்றுவிட்டதை உறுதிசெய்து, பாதி நிரம்பிய அட்டவணைகளைக் காலிசெய்யுங்கள்.
3. முடிந்ததும் ஒவ்வோர் அட்டவணையிலும் உள்ள பதிவுகளின் எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிடுங்கள்.
4. ஏற்றும் நிரலையும் கோப்பையும் சேவையகத்திலிருந்து நீக்குங்கள். இல்லையேல், முகவரி தெரிந்தவர் அந்த நிரலை இயக்கலாம். உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் வெளியாகலாம்.

செய்து பாருங்கள்

10,000 வரிகள் கொண்ட உரைக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். அதை 1,000 வரிகளாகப் படித்து, நிறுத்திய இடத்தை இன்னொரு கோப்பில் குறித்துவைக்கும் நிரலைப் பைத்தான் மொழியில் எழுதுங்கள். நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, மீண்டும் இயக்குங்கள். ஒரு வரிகூட விடுபடாமல், இரட்டிக்காமல் வந்தால் உங்கள் நிரல் சரி.