தீவுக்கு எண்ணெய் வந்தால் என்ன ஆகும்?

உங்கள் பள்ளியில் 1,000 மாணவர்கள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திடீரென இன்னும் 400 பேர் வந்து சேர்கிறார்கள். சிற்றுண்டிச்சாலையில் வரிசை நீள்கிறது. அதே வாரத்தில், பக்கத்துத் தொழிற்சாலையில் சம்பளம் அதிகம் என்று சமையல்காரர்கள் இருவர் விலகிவிடுகிறார்கள். வரிசை என்ன ஆகும்?

1970களில் ஷெட்லாந்து தீவுகள் ஏறக்குறைய இத்தகைய நெருக்கடியைச் சந்தித்தன. ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் உள்ள இத்தீவுகளில் அப்போது சுமார் 17,000 பேர் வாழ்ந்தனர். மீன்பிடித்தலும் ஆடு வளர்ப்பும் முக்கியத் தொழில்கள். 1971இல் அருகிலுள்ள கடலடியில் பிரெண்ட் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. குழாய் வழியே வரும் எண்ணெயைச் சேமித்துக் கப்பலில் ஏற்ற, சல்லம் வோ என்ற இடத்தில் முனையம் கட்டப்பட்டது. கட்டுமானம் உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 7,000 பேர் அங்கு வேலை செய்தனர். பலர் வெளியிலிருந்து வந்தவர்கள்.

மருத்துவமனை, குடிநீர், சாலை எல்லாமே வழக்கமான மக்கள்தொகையைக் கணக்கிட்டு அமைக்கப்படுபவை. பெருநிலத்தில் இடம் போதாவிட்டால் பக்கத்து நகரம் கைகொடுக்கும். தீவுக்குப் பக்கத்து நகரம் கடலுக்கு அப்பால்தான். புதிய தாதியை அழைத்துவர வேண்டுமென்றால், முதலில் அவருக்கு ஒரு வீடு வேண்டும்!

இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணெய் வேலையில் சம்பளம் அதிகம் என்பதால் உள்ளூர்க்காரர்களும் அங்கே போய்விடுவார்கள். சேவை தேவைப்படுவோர் கூடும் வேளையில் சேவை செய்வோர் குறைவார்கள்.

அப்படியானால் நிறையக் கட்டடங்களைக் கட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கட்டுமானம் முடிந்ததும் தொழிலாளர்கள் கிளம்பிவிடுவார்கள். காலியான கட்டடங்களைப் பராமரிக்கும் செலவு தீவு மக்கள் தலையில்தான் விழும்.

ஷெட்லாந்து இதை முன்கூட்டியே யோசித்தது. 1974இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம், துறைமுகத்தையும் நிலத்தையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை உள்ளூர் மன்றத்துக்குத் தந்தது. தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் தற்காலிக முகாம்களிலும், தங்குமிடமாக மாற்றப்பட்ட கப்பல்களிலும் தங்கவைக்கப்பட்டனர். எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த இழப்பீடு ஓர் அறநிதியில் சேர்க்கப்பட்டது. முதியோர் பராமரிப்புக்கும் விளையாட்டு மையங்களுக்கும் அந்த நிதி பின்னர் உதவியது.

ஆகவே, ஒரு சிறிய ஊருக்குப் பெரிய தொழில் வரும்போது, "எத்தனை பேர் வருவார்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை பேர் தங்குவார்கள்?" என்றும் கேளுங்கள்.