விழுந்தா யார் தூக்கறது?

எனக்கு வயது 48. மேற்குத் தாம்பரத்தில் குடியிருக்கிறோம். வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். மகன் வேலை கிடைத்து வெளிமாநிலம் போனதிலிருந்து, அவனுடைய பைக் வாசலில் தூசி படிந்து நின்றது. "வித்துடலாம், இடத்தை அடைக்குது" என்றார் என்னவர். எனக்கு மனசு வரவில்லை.

ஸ்கூட்டர் ஓட்டிப் பழக்கம் உண்டு. 2018-ல் தமிழக அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை மானியத்தில் (அதிகபட்சம் 25,000 ரூபாய்) வண்டி கொடுத்தபோது, எங்கள் தெருவில் இரண்டு பேர் வாங்கினார்கள். அவர்கள் வாங்கியதும் கியர் இல்லாத ஸ்கூட்டர்தான். பெண் என்றால் ஸ்கூட்டர், ஆண் என்றால் பைக் என்று யார் எழுதி வைத்தார்களோ!

தெருமுனையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் தம்பி, ஒரு மாதம் விடியற்காலையில் சொல்லிக் கொடுத்தார். கியர் வண்டிக்கு லைசென்ஸ் தனி என்பதால், இந்த வயதில் மறுபடியும் 'எட்டு' போட்டுக் காட்டி வாங்கினேன். "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்காதவர்கள் இல்லை.

அறிவியல் பாடம் நடத்தும்போது, ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊரில் பெரிய தொலைநோக்கி இருக்கிறது, அதன் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம், 1986-ல் திறந்தார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். "நீங்க பார்த்திருக்கீங்களா மிஸ்?" என்று ஒரு வாண்டு கேட்டுவிட்டான். போளூரில் பெரியம்மா வீடு இருந்தும் பக்கத்து மலையைப் பார்க்காதவள் நான். ரோஷ்ணி சர்மா என்ற பெண் 2014-ல் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை தனியாக பைக்கில் போனாரே, நமக்கு ஜவ்வாது மலை கூடவா எட்டாது என்று தோன்றியது.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினேன். என்னவர் கேட்டைத் திறக்கக்கூட வரவில்லை. உள்ளேயிருந்தே, "விழுந்தா யார் தூக்கறது?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் வண்டியைக் கிளப்பினேன்.

முடிச்சூர், படப்பை, வாலாஜாபாத், காஞ்சிபுரம், செய்யாறு, ஆரணி வழியாகப் போளூர் போய்ச் சேருவதற்குள் இடுப்பு விட்டுப் போயிற்று. பெரியம்மா திட்டிக்கொண்டே சுடச்சுட சாப்பாடு போட்டார். மறுநாள் காலை ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையில் ஏறினேன். ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. இருபுறமும் புளிய மரங்கள், பாறைகள், கீழே சின்னச் சின்னதாக வயல்கள். ஹெல்மெட்டுக்குள் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

ஒரு வளைவில் எதிரே ஜீப் ஒன்று இறங்கி வந்தது. குறுகலான மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. ஜீப்காரர் நிற்கவில்லை. பயந்து ஓரம் ஒதுங்கினேன். மண்ணில் சக்கரம் வழுக்க, வண்டியோடு சாய்ந்தேன். முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியை என்னால் அசைக்கவே முடியவில்லை. போனில் சிக்னலும் இல்லை. என்னவர் கேட்ட கேள்வி காதில் ஒலித்தது. அழுகை வந்துவிட்டது.

அப்போது புளி மூட்டையைத் தலையில் சுமந்தபடி இரண்டு பெண்கள் வந்தார்கள். மூட்டையை இறக்கி வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நான் ஹேண்டிலைப் பிடிக்க, ஒரே மூச்சில் நிமிர்த்திவிட்டார்கள்.

"எந்த ஊரும்மா? ஒண்டியாவா வந்தே?" என்றார் மூத்தவர். சொன்னேன். வண்டியைத் தடவிப் பார்த்தபடி, "எனக்கு இது ஓட்டத் தெரிஞ்சிருந்தா, எம் மவளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்னிக்கி பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்திருக்க மாட்டேன்" என்றார். எனக்கு ஆசையாக இருந்த விஷயம், அவருக்கு எவ்வளவு பெரிய தேவையாக இருந்திருக்கிறது!

காவலூர் வரை போய், மரங்களுக்கு மேலே தெரிந்த வெள்ளைக் கூண்டை வெளியிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினேன். இறங்கும்போது மெக்கானிக் தம்பி சொன்னபடி, பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்ன கியரிலேயே மெதுவாக வந்தேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்து, மறைக்காமல் சிராய்ப்பைக் காட்டினேன். "யார் தூக்கினாங்க?" என்றார் என்னவர். "ரெண்டு பொம்பளைங்க" என்றேன். ஒன்றும் பேசாமல் மருந்து எடுத்து வந்து போட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு வண்டி கேட்டு வந்தவரிடம், "விற்கிறதா இல்லீங்க, வீட்ல ஓட்டறாங்க" என்று அவர் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

தோழிகளே, மலைக்குப் போகிறீர்களோ இல்லையோ, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். தெரிந்தவர்கள், தெரியாத ஒரு பெண்ணுக்காவது சொல்லிக் கொடுங்கள். நான் இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

— ஒரு வாசகி, மேற்குத் தாம்பரம்.