மேடையைப் பாடத்திட்டமாக்கிய டீன்

பல்கலைக்கழகம் என்ற அமைப்பு வகுப்பறை, நூலகம், ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றையும் மனத்தில் கொண்டு வளர்ந்தது. இசையும் நடனமும் நாடகமும் அதற்குள் நுழைந்தபோது, இம்மூன்றிலும் அடங்காத ஒன்றை, அதாவது மேடையை, உடன் கொண்டுவந்தன. வேதியியல் பேராசிரியர் ஒருவர் இருநூறு பேரை ஒரே கூடத்தில் அமர்த்திப் பாடம் நடத்திவிட இயலும். செல்லோ கற்க வரும் மாணவருக்கோ வாரந்தோறும் ஓர் ஆசிரியர் தனியே அமர்ந்து, விரலின் அழுத்தத்தையும் வில்லின் ஓட்டத்தையும் கண்டும் கேட்டும் திருத்த வேண்டும், அதுவும் ஆண்டுக்கணக்கில். இந்தச் செலவு இயல்பிலேயே குறையாதது என்பதை அமெரிக்கப் பொருளியலாளர்களான வில்லியம் பௌமல், வில்லியம் போவன் ஆகிய இருவரும் 1966ல் வெளிவந்த தங்கள் நூலில் விளக்கினர்: தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்வதற்கான நேரம் இயந்திரங்களால் ஆண்டுக்காண்டு சுருங்குகிறது, நால்வர் வாசிக்க வேண்டிய இசைப்படைப்புக்கோ எந்த நூற்றாண்டிலும் நால்வரே வேண்டும், ஆகவே பிற துறைகளில் ஊதியம் உயர உயர, நிகழ்த்துகலைகளின் செலவு மற்றவற்றோடு ஒப்பிடும்போது ஏறிக்கொண்டே போகும். இத்தகைய ஒரு துறையை அரசுப் பல்கலைக்கழகத்தின் நிதிக்கும் விதிகளுக்கும் உட்பட்டு நடத்துவது எப்படி என்ற கேள்விக்கு, இருபதாம் நூற்றாண்டில் மிகத் துணிச்சலான விடைகளுள் ஒன்றைத் தந்தவர் வில்ஃப்ரெட் பெய்ன். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக இசைப் பள்ளிக்கு 1947 முதல் 1973 வரை அவர் டீனாக, அதாவது புலத் தலைவராக, இருந்தார்.

அப்பள்ளி அமைந்திருக்கும் புளூமிங்டன், இந்தியானா மாநிலத்தின் தென்பகுதியில் சுண்ணாம்புக்கல் குவாரிகளுக்குப் பெயர்பெற்ற ஒரு சிறு நகரம். பல்கலைக்கழகத்தில் இசைத் துறை 1910ல் தோன்றி, 1921ல் தனிப் பள்ளியாக உயர்ந்தது என்றாலும், நாற்பதுகளின் நடுவில்கூட அது அம்மாநிலத்துப் பள்ளிக்கூடங்களுக்கு இசை ஆசிரியர்களை அனுப்பும் நிறுவனமாகவே பெரும்பாலும் விளங்கியது. நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் பயில்பவருக்கு, நகரத்தின் பேரரங்குகளே இரண்டாம் வகுப்பறையாக அமைந்துவிடுகின்றன. மாலையில் உலகின் தலைசிறந்த கலைஞர்களைக் கேட்டுவிட்டு மறுநாள் காலையில் பயிற்சிக்கு வரலாம். புளூமிங்டனில் அப்படி எதுவும் இல்லை. இந்தக் குறையையே பெய்ன் தம் திட்டத்துக்கு அடித்தளமாக்கினார்: ஊரில் மேடை இல்லையென்றால் பள்ளியே மேடையாக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆட்சிக்காலம் முழுவதும் ஓடிய எண்ணம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1908ல் பிறந்த அவர், இந்தியானாவுக்கு வருமுன் டெக்சாஸ் மாநிலத்தின் வடபகுதியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் இசைப் பிரிவை 1938 முதல் நடத்திவந்தார். அங்கிருந்து அவரை அழைத்தவர், 1938 முதல் 1962 வரை இந்தியானா பல்கலைக்கழகத்தின் தலைவராக, அதாவது நம் ஊரில் துணைவேந்தர் வகிக்கும் நிலையில், இருந்த ஹெர்மன் வெல்ஸ். இசைப் பள்ளியின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெய்னின் பெயரை முன்னிறுத்துவது இயல்பே. ஆயினும் மேலிருந்து பணமும் பொறுமையும் தந்து, மற்றத் துறைகளின் முணுமுணுப்பைத் தாங்கிக்கொண்ட ஒரு தலைவர் இல்லாதிருந்தால், பெய்ன் கண்ட கனவில் கால்பங்குகூட நிறைவேறியிருக்காது. கலைப் பள்ளியின் தலைமை என்பது ஒருவர் பொறுப்பன்று. கீழே கேட்கத் தெரிந்தவரும் மேலே கொடுக்கத் துணிந்தவரும் ஒரே காலத்தில் வாய்க்க வேண்டும்.

பெய்ன் எடுத்த முதன்மையான முடிவு, பள்ளியின் நடுவில் ஓபராவை வைத்தது. ஓபரா என்பது தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டாலேயே நடத்தப்படும் மேலைநாட்டு இசை நாடகம். அதற்குத் தனிப் பாடகர்கள் வேண்டும், சேர்ந்து பாடும் குழு வேண்டும், மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் அமர்ந்து வாசிக்க முழுமையான இசைக்குழு வேண்டும்; நடனக்காரர், காட்சி வரைவோர், தச்சர், தையற்கலைஞர், ஒளியமைப்பாளர் என்று நீளும் பட்டியலில், இசைப் பள்ளியில் உள்ள ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கும். தனித்தனி அறைகளில் தனித்தனிக் கருவியோடு மல்லுக்கட்டும் மாணவர்களை ஒரே பணியில் இணைக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை என்று அவர் கருதினார். ஜெர்மானிய இசைக்குழு நடத்துநர் ஃபிரிட்ஸ் புஷ்ஷின் மகனும் மேடை இயக்குநருமான ஹான்ஸ் புஷ் 1948ல் வந்து சேர்ந்தார். ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் 'பார்சிஃபால்', இடைவேளைகளோடு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நீளும், தொழில்முறை அரங்குகளே தயங்கி எடுக்கும் படைப்பு. அதை 1949ல் மாணவர்களைக் கொண்டு மேடையேற்றி, பிறகு பல ஆண்டுகள் ஈஸ்டர் காலத்தையொட்டித் தொடர்ந்து நடத்தினார்கள். இதை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆண்டுதோறும் ஒரே பெரும் படைப்பு திரும்ப வரும்போது, முதலாண்டில் கூட்டத்தில் ஒருவராகப் பாடியவர் நான்காம் ஆண்டில் தனிப் பாத்திரத்துக்கு உரியவராக வளர்ந்திருப்பார். கண்ணெதிரே மூத்தவர் பாடுவதைக் கேட்டுக் கேட்டு இளையவர் தேறும் வழி, குருகுலத்தில் பழகிய நமக்குப் புதியதன்று.

ஓபராவை நடுவில் வைத்ததனால் நிர்வாகத்தில் ஏற்பட்ட மாற்றங்களே இங்கே விரிவாகக் கவனிக்கத் தக்கவை. பெரிய பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாடகர்களைத் தேர்ந்து, வெவ்வேறு இரவுகளில் பாடவைக்கும் இரட்டை அணி முறையால் வாய்ப்புப் பெறுவோர் தொகை இரு மடங்காகிறது. இளம் குரல்கள் அடுத்தடுத்த நாள்களில் பாடிச் சேதமடைவதும் தவிர்க்கப்படுகிறது. குரல் என்ற கருவி, வயலினைப் போலப் பத்து வயதில் முழு உருவம் பெறுவதில்லை. வாக்னரின் கனமான பாத்திரங்களைத் தாங்கும் குரல் பலருக்கும் முப்பது வயதுக்குப் பிறகே முதிர்கிறது. எனவே எந்தப் படைப்பை எந்த ஆண்டில் எடுப்பது என்பது டீனின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. அவ்வாண்டு பள்ளியில் யார் யார் என்னென்ன குரலோடு இருக்கிறார்கள் என்ற கணக்கும் அதில் சேரும். மாணவர் சேர்க்கையும் இதே கணக்குக்குள் வந்துவிடுகிறது. வரலாற்றுத் துறை தகுதியுள்ளோரை வரிசைப்படி எடுத்துக்கொள்ளலாம். இசைப் பள்ளியோ சிறந்த புல்லாங்குழல்காரர் நாற்பது பேர் வந்தாலும் சிலரையே எடுத்துக்கொண்டு, வியோலாவுக்கும் பசூன் என்ற மரத்துளைக் கருவிக்கும் ஆள் போதாத நிலையில், உதவித்தொகையைக் காட்டி அவர்களை வரவழைக்க வேண்டும். ஓர் இசைக்குழுவுக்கு இரண்டு பசூன்களாவது வேண்டுமென்றால், பல இசைக்குழுக்களை ஒரே நேரத்தில் நடத்தும் பள்ளிக்கு எத்தனை வேண்டும் என்பதைப் பட்டதாரிகள் வெளியேறும் வேகத்தோடு சேர்த்து முன்கூட்டியே கணிப்பதும், அதற்கேற்ப உதவித்தொகையை ஒதுக்குவதும் டீன் அலுவலகத்தின் ஓயாத கவலைகள்.

ஆசிரியர்களைத் தேடியதில் பெய்னின் துணிவு இன்னும் வெளிப்படையானது. சிகாகோ சிம்பொனி இசைக்குழுவின் முதன்மைச் செல்லோ கலைஞராயிருந்த யானோஸ் ஸ்டார்க்கர் 1958லும், கிளீவ்லாந்து இசைக்குழுவின் முதல் வயலினுக்கு உரியவராக விளங்கிய ஜோசஃப் கிங்கோல்ட் 1960லும், புகழ்பெற்ற பிரெஞ்சு ஹார்ன் கலைஞர் ஃபிலிப் ஃபார்க்கஸ் அதே ஆண்டிலும் இந்தச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்கள். பியானோ கலைஞர் மெனஹெம் பிரஸ்லர் 1955லேயே வந்துவிட்டார். அவ்வாண்டுதான் அவர் உறுப்பினரான போசார் மூவரிசைக்குழுவும் தோன்றியது. வந்தவர்களில் பலர் நாஜி ஆட்சியாலும் போராலும் ஐரோப்பாவை விட்டு வெளியேறியவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பா இழந்த கலைச்செல்வத்தில் ஒரு பங்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வந்து சேர்ந்தது, அதை ஏற்கத் தயாராயிருந்த டீன்களுள் பெய்ன் முன்வரிசையில் நின்றார்.

பெரிய பெயர்களை அழைப்பது ஒன்று, அவர்களைத் தக்கவைப்பது வேறொன்று. பல்கலைக்கழகத்தின் பணி உயர்வு விதிகள் முனைவர் பட்டத்தையும் அச்சிட்ட ஆய்வுக்கட்டுரைகளையும் அளவுகோலாகக் கொண்டவை. உலகம் சுற்றி வாசிக்கும் செல்லோ கலைஞரிடம் அவை இருப்பதில்லை. மேடைக் கச்சேரியும் இசைத்தட்டும் ஆய்வுக்கு நிகரான சாதனையே என்பதைப் பிற புலங்களைச் சேர்ந்த பேராசிரியர்கள் ஒப்புக்கொள்ளுமாறு செய்வதுதான் இத்தகைய பள்ளியின் தலைவருக்குரிய நுட்பமான அரசியல் பணி. ஸ்டார்க்கர், கிங்கோல்ட், பிரஸ்லர் ஆகியோர் பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் சிறப்புநிலைப் பேராசிரியர் என்ற உயரிய தகுதியைப் பெற்றதை இவ்வழியில் கிடைத்த வெற்றியாகவே கொள்ளலாம். கலைப் பயணத்துக்காக அவர்கள் வாரக்கணக்கில் ஊரில் இல்லாதபோது தவறிய பாடங்களைத் திரும்பி வந்து ஈடுசெய்ய இடம்கொடுப்பதும் இதன் ஒரு பகுதி, ஏனெனில் மேடையை விட்டுவிட்ட கலைஞர், மாணவர்கள் தேடி வந்த அதே கலைஞராக நெடுநாள் நீடிப்பதில்லை. பிரஸ்லர் அறுபது ஆண்டுகளுக்கு மேலும், ஸ்டார்க்கர் தம் முதுமைவரையும் அங்கேயே கற்பித்தார்கள். புளூமிங்டனில் பிறந்த ஜோஷுவா பெல் என்ற சிறுவன் கிங்கோல்டிடம் வயலின் பயின்று உலகப் புகழ் பெற்றது எந்தத் திட்டத்திலும் எழுதப்படாத விளைவு.

இந்தியர்களுக்கு நெருக்கமான ஒரு பெயரும் இந்த வரிசையில் உண்டு. அகில இந்திய வானொலியின் அடையாள இசையை அமைத்தவராக அறியப்படும் வால்ட்டர் காஃப்மன், பிராகாவிலிருந்து 1934ல் பம்பாய்க்கு வந்து, அங்குள்ள வானொலி நிலையத்தில் பணியாற்றி, பின்பு கனடாவில் வினிபெக் சிம்பொனி இசைக்குழுவை நடத்தியவர். தமிழகத்தின் பல வீடுகளில் விடியற்காலையை அறிவித்த அந்த இசையோடு தொடர்புடைய மனிதர், 1957 முதல் இந்தியானாவில் பேராசிரியராயிருந்தார். வடஇந்திய ராகங்களைப் பற்றி 1968லும், தென்னிந்திய ராகங்களைப் பற்றி 1976லும் அவர் வெளியிட்ட பெருநூல்கள் அக்கால மேலை மாணவர்க்கு அரிய வழிகாட்டிகள். ஓபராவையே மூச்சாகக் கொண்ட ஒரு பள்ளியில் இத்தகைய அறிஞருக்கும் இடம் கிடைத்தது என்பது பெய்னின் பார்வை, அவரைக் குறைசொன்னோர் கருதிய அளவுக்குக் குறுகியதன்று என்பதைக் காட்டுகிறது.

ஆனால் அவருடைய திட்டத்தில் விடுபட்டவையும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மேடைக்கலைஞர் உருவாக்கம் முன்னே வந்தபோது, பள்ளிக்கூட இசை ஆசிரியர் பயிற்சி என்ற பழைய கடமை நிழலுக்குப் போகும் ஆபத்து எழுந்தது; மாநில மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி, பெரும்பான்மைக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் ஆசிரியரைவிட, அரிதாகத் தோன்றும் ஓபரா பாடகருக்கு முதலிடம் தரலாமா என்ற கேள்வி இன்றும் நியாயமானதே. உலக மக்களின் மரபிசைப் பதிவுகளைத் திரட்டிய ஜார்ஜ் ஹெர்ட்சாக் 1948ல் தம் ஆவணக் காப்பகத்தோடு அதே பல்கலைக்கழகத்துக்கு வந்தபோதிலும், அது இசைப் பள்ளிக்குள் வேர்கொள்ளாமல் மானிடவியல், நாட்டார் வழக்காற்றியல் ஆகிய துறைகளின் பக்கமே வளர்ந்தது. ஜாஸ் என்ற ஆப்பிரிக்க அமெரிக்க இசைவகை, அங்கே படித்த டேவிட் பேக்கர் ஆசிரியராகத் திரும்பி வந்த பிறகு, அறுபதுகளின் இறுதியில்தான் முறையான பாடப்பிரிவாயிற்று. டெக்சாஸில் பெய்ன் விட்டுவந்த கல்லூரியோ 1947லேயே ஜாஸ் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டிருந்ததை நினைத்தால், இந்த இருபது ஆண்டுத் தாமதம் வருந்தத் தக்கது.

போர்க்காலத்து உபரிக் கட்டடமான கிழக்கு மண்டபத்தில்தான் இத்தனை ஓபராக்களும் நெடுங்காலம் நடந்தன. அது 1968ன் தொடக்கத்தில் தீக்கிரையாயிற்று. அதற்குப் பின் எழுந்த இசைக்கலை மையம் 1972ல் திறக்கப்பட்டபோது, ஜான் ஈட்டனின் 'ஹெராக்ளீஸ்' என்ற புதிய ஓபரா அரங்கேறியது. முதன்மை மேடையோடு பக்க மேடைகளும் பின்மேடையும் அதில் அமைக்கப்பட்டதால், ஒரு காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த காட்சியின் முழு அமைப்பும் மறைவில் ஆயத்தமாக நிற்க முடிகிறது. காட்சிகளை வரையும் கூடமும் ஆடை தைக்கும் கூடமும் அதே கூரையின் கீழ் இருப்பதால், மாணவர் தாம் பாடும் வீட்டின் சுவர் எப்படி எழுகிறது என்பதையும் அருகிருந்து காண்கிறார்.

அடுத்த ஆண்டு பெய்ன் ஓய்வு பெற, அப்பள்ளியிலேயே பணியாற்றிவந்த சார்லஸ் வெப் பொறுப்பேற்று 1997வரை நடத்தினார். ஒருவருடைய ஆளுமையால் எழும்பிய நிறுவனம் அவர் விலகியதும் தளர்வது வழக்கம் என்பதால், இந்த இரண்டாம் காலகட்டம் முதலதற்கு இணையாகப் போற்றத் தக்கது. 1981ல் போஹுஸ்லாவ் மார்ட்டினூவின் 'கிரேக்கப் பாடுகள்' ஓபராவை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கிலேயே இந்தியானா மாணவர்கள் நிகழ்த்திக் காட்டியது வெப்பின் காலத்தில்தான். 2005ல் ஜேக்கப்ஸ் குடும்பத்தார் 4 கோடி டாலருக்கும் மேற்பட்ட நன்கொடை வழங்க, பள்ளி அவர்கள் பெயரைத் தாங்கியது. இன்று அங்கே சுமார் 1600 மாணவர்கள் பயில்கிறார்கள், ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடக்கின்றன. வெல்ஸ் போன்ற ஒரு தலைவரின் இசைவு பெய்னுக்குத் திறந்துவிட்ட கதவுகளை இன்றைய டீன் பல நன்கொடையாளர்களிடம் தனித்தனியே தட்டித் திறக்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு திரட்டப்படும் தொகையில் ஒரு பங்கு, வியோலாவும் பசூனும் வாசிக்கும் இளைஞர்களைப் பிற பள்ளிகளுக்குப் போகாமல் ஈர்க்கும் உதவித்தொகையாகவே இன்றும் செலவாகிறது.